இரும்பில் அடித்த நாள்

எங்கள் ஆலையில் யாரிடமும் தேதி கேட்கக் கூடாது. கேட்டால் மேலே பார்ப்பார்கள், விரல் விடுவார்கள், கடைசியில் பாக்கெட்டில் செல்போனைத் தேடுவார்கள். செல்போனைத்தான் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்களே. ஆனால் இன்றைக்கு என்ன நம்பர் என்று கேளுங்கள், தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஜனவரி முதல் நாள் ஒன்று. மறுநாள் இரண்டு. இப்படியே எண்ணிக்கொண்டே போனால் டிசம்பர் கடைசி நாள் முந்நூற்று அறுபத்தைந்து.

பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் இருக்கிற ஆலை அது. லாரி பிரேக்கில் மாட்டுகிற, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு இரும்புப் பாகம் செய்கிறோம். அதன் விளிம்பில் வருஷத்துக்கு ஒரு எழுத்தும் அன்றைய நாள் எண்ணும் குத்தித்தான் வெளியே அனுப்புவோம். என்றைக்காவது எங்கேயாவது அது உடைந்துபோனால், எந்த நாளில் செய்த பீஸ் என்று கண்டுபிடிக்க அந்த எண்ணை விட்டால் வேறு வழியில்லை.

நான் குவாலிட்டியில் வேலை பார்க்கிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்து, ஹாஸ்டலில் கொஞ்ச நாள் இருந்து, அந்தச் சாம்பாருக்குப் பயந்து வடக்குப்பட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். காலையில் மெஷினில் வைத்திருக்கிற எண் சரிதானா என்று சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டோடு ஒத்துப் பார்த்து ஓகே போடுவது என் முதல் வேலை. சின்ன வேலைதான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஒரகடம் சிக்னலில் எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. ஊரே தூசியாய் அப்பிய பழைய லாரி. அதன் அடியில் எங்கள் பீஸ் இருக்கும் என்று திடீரென்று தோன்றியது. யாரோ ஒருவர் செய்த ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு எந்தெந்த ஊருக்கெல்லாம் போய்விட்டு வந்திருக்கிறது! எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இந்தக் கிறுக்கு இருக்கிறவளிடம் போய் ‘வரலாற்றில் இன்று’ போர்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்தார்கள். எங்கள் ஷிஃப்ட் தொடங்கும் முன் லைன் ஓரத்தில் ஐந்து நிமிடம் நின்று பேசுவது வழக்கம். பாதுகாப்பு உறுதிமொழி, நேற்று ரிஜெக்ட் ஆன பீஸ்கள், பிறந்தநாள்காரருக்குக் கைதட்டல், அப்புறம் வேலை. அதில் ஜனங்களுக்கு உற்சாகமே இல்லை என்று ஹெச்.ஆர். சாருக்குக் கவலை. ஒரு வெள்ளைப் போர்டு வாங்கி மாட்டி, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னிடம் மார்க்கரைக் கொடுத்தார். முதல் டிவி ஓடிய நாள், ராக்கெட் பறந்த நாள், நாம் கிரிக்கெட்டில் கோப்பை வாங்கிய நாள், ஒரு படம் வெள்ளிவிழா கண்ட நாள் என்று தினமும் ஒன்று எழுதினேன். படம் பற்றி எழுதினால் மட்டும் கூட்டம் போர்டை மொய்க்கும்.

இரண்டாவது மாதமே சந்தி சிரித்தது. போனில் வந்த செய்தியை நம்பி, ஒரு மூத்த நடிகரின் நினைவு நாள் என்று எழுதிவிட்டேன். எழுபது பேரும் தலை குனிந்து இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம். அவருடைய ரசிகர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். அன்று சாயங்காலம் அந்த நடிகர் டிவியில் வந்து, தான் தினமும் காலையில் நடைப்பயிற்சி போவதைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேட்டி கொடுத்தார். மறுநாள் நான் லைனுக்குள் நுழைந்ததும் எழுபது பேரும் எழுந்து நின்று எனக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

அதற்கப்புறம் இரண்டு விதிகள் வந்தன. போர்டில் சினிமாவே கூடாது என்பது ஹெச்.ஆர். சார் போட்டது. இரண்டு இடத்தில் ஒத்துப் பார்க்காத நாளை எழுதவே மாட்டேன் என்பது நானே போட்டுக்கொண்டது. என் விதியில் எனக்கு அபாரப் பெருமை. கொஞ்சம் தலைக்கனமும்தான். இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளும் வடக்குப்பட்டுதான், வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆலை தொடங்கிய நாளிலிருந்து லைனில் மெஷின் ஓட்டுகிறாள். இடது கைக்காரி. வாய் என்றால் வாய், காதில் அடைப்பான் வைத்திருந்தாலும் அவள் குரல் உள்ளே வந்துவிடும். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் என்னுடையது. என் ஊர்ப் பேச்சைக் கேலி செய்வாள், பதிலுக்கு நான் அவளுடையதைக் கேலி செய்வேன். அவள் கொண்டு வருகிற வேர்க்கடலைச் சட்னிக்காகவே நான் அவளோடு சண்டை போடாமல் இருந்தேன் என்றும் சொல்லலாம்.

அவள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. இந்த ஆலையில் முதல் பீஸ் அடித்தது தான்தான் என்பாள்.

“அப்பல்லாம் மெஷினு நம்பரு குத்தாது. நாமதான் ஒண்ணொண்ணா பஞ்ச்ச வச்சி சுத்தியால அடிக்கணும். அஞ்சு பீஸு ரிஜெக்ட்டு ஆயிட்ச்சி. ஆறாவது ஓகே. அதுல நான்தான் நம்பரு அடிச்சேன். கடேசி நம்பரு சாஞ்சிபூட்ச்சி. எல்லாம் இந்த பீச்சாங்கை பண்ண வேல. மறுநாளு ஆடிப்பெருக்கு. எனுக்குத் தாலி பிரிச்சிக் கோக்குறதுக்கு அம்மா வூட்டுக்குப் பூட்டேன்.”

இதைக் கேட்டால் லைனில் எல்லோரும் சிரிப்பார்கள். காரணம், ஆலையின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதில் முதல் பீஸ் இருக்கிறது. கீழே பித்தளைத் தகட்டில், முதல் நல்ல பீஸ் தயாரான நாள் என்று தேதியும், அடித்தவர் என்று ஒரு பெயரும் பொறித்திருக்கிறார்கள். பெயர் எங்கள் லைன் சூப்பர்வைசர் அண்ணனுடையது. அந்தக் காலத்தில் அவரும் அதே மெஷினில் ஆபரேட்டர். தகட்டில் உள்ள தேதியில் அக்கா லீவு. அந்த வருஷம் ஆடிப்பெருக்கு வந்ததும் அதே தேதியில்தான். ஆக, தாலி பிரித்துக் கோர்க்கப் போனேன் என்று அவள் சொல்லச் சொல்ல, அவள் அன்றைக்கு ஆலையிலேயே இல்லை என்பதற்கு அவளே சாட்சி ஆகிவிடுவாள். “தகட்டுல தேதியத் தப்பாப் போட்டுட்டானுங்க” என்பாள். பித்தளையில் வெட்டியதைத் தப்பு என்றால் யார் கேட்பார்கள்? அவளுக்கு ‘ஃபர்ஸ்ட் பீஸ்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். யாராவது கொஞ்சம் கூடுதலாய் அளந்தால், “இன்னாடா, ஃபர்ஸ்ட் பீஸ் கதயா?” என்று கேட்கிற அளவுக்கு அது ஊறிவிட்டது.

வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஆலையில் விழா நடக்கும். சூப்பர்வைசர் அண்ணன் கேக் வெட்டுவார். போன வருஷம் விழா நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் அக்கா போர்டுக்கு முன்னால் வந்து நின்றாள். நான் ஆக்சிஜன் கண்டுபிடிக்கப்பட்ட கதையை எழுதிக்கொண்டிருந்தேன்.

“யாரோ ஒரு வெள்ளக்காரன் ஆக்சிஜன் கண்டுபுட்சா நமக்கு இன்னாடி? நான் மொத பீஸு அடிச்சத எழுது.”

“சரிபாக்காம எழுத மாட்டேம்க்கா.”

“நான் சொல்றேன்ல. அது பத்தாதா ஒனுக்கு?”

“பத்தாதுக்கா” என்றேன். அவள் என் தோளைத் தட்டி, கூகுளுக்கு வாக்கப்பட்டவளே என்று சத்தமாய்க் கேலி செய்தாள். பத்துப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்கு வருகிற கோபம் நல்ல கோபம் இல்லை, வேலை செய்துகொண்டே வரும். டீ நேரத்தில் விடுவிடுவென்று ஹெச்.ஆர். அறைக்குப் போய், அந்த நாளின் வருகைப் பதிவைக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லோரும் நிற்கும்போது சொன்னேன்: “அக்கா, அன்னைக்கு நீங்க லீவு. கம்ப்யூட்டர்ல இருக்கு. இனிமே இந்தக் கதைய விட்டுருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அக்கா என்னைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், கையுறையை மாட்டிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டாள். அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பை இருந்தது. மறுநாளும் இருந்தது. ஒரு வருஷம் அந்தப் பைதான் என் சீட்டில் உட்கார்ந்து பயணம் செய்தது. வேலை விஷயமாக என்றால் பேசுவாள், அவ்வளவுதான். நான் சொன்னது சரிதானே, பதிவைப் பார்த்துத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பஸ்ஸில் ஏறியதும் என் கண் முதலில் அந்தப் பையைத்தான் தேடும்.

இந்த வருஷம் பிப்ரவரியில் என் தலைக்கனத்துக்கு முதல் அடி விழுந்தது. சுவரில் இருந்தது போன வருஷத்து சார்ட். அதில் பிப்ரவரி இருபத்தொன்பது இல்லை. அன்று காலையில் பேனாவால் ஒரு வரி சேர்த்து, அறுபது என்று எழுதி, அதைப் பார்த்து ஓகே போட்டேன். மறுநாள் மார்ச் ஒன்று. சார்ட்டில் அதற்கு நேராக அச்சில் அறுபது என்று இருந்தது. அதையும் பார்த்து ஓகே போட்டேன். இரண்டு நாள் பீஸ்களும் ஒரே எண்ணோடு ஒன்றாய்க் கலந்துவிட்டன. வாங்கிக் கட்டிக்கொண்டேன். ட்ரே ட்ரேயாய்ப் பிரித்து மறுபடி எண் குத்தி முடிக்க ஒரு வாரம் ஆனது. லீப் வருஷத்தில் பிப்ரவரிக்குப் பிறகு ஒவ்வொரு தேதிக்கும் எண் ஒன்று கூடிவிடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இப்படிப் புத்தியில் உறைக்கிற மாதிரிச் சொல்லித் தந்ததில்லை.

ஆலை தொடங்கி இதோடு பன்னிரண்டு வருஷம். விழாவுக்கு முந்தைய நாள், ஹெச்.ஆர். சார் என்னைக் கூப்பிட்டு, தகட்டில் உள்ள வாசகத்தை அப்படியே நாளைக்குப் போர்டில் எழுதவேண்டும், போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்றார். எண்ணெய்ப் பிசுக்கு ஷூவோடு எங்களை வரவேற்பறைக்குள் விடமாட்டார்கள். ஆறு வருஷத்தில் நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஏசி குளிரில் சாக்ஸோடு நடந்து பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

நாங்கள் தினமும் ஆயிரக்கணக்கில் பார்க்கிற அதே பீஸ்தான். வெல்வெட் துணியில் வைத்து மேலே விளக்கு போட்டிருந்ததால் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. குனிந்து விளிம்பைப் பார்த்தேன். முதல் வருஷத்துக்கான எழுத்து. பக்கத்தில் கையால் அடித்த மூன்று எண்கள். இரண்டு, ஒன்று, நான்கு. நான்கு சாய்ந்திருந்தது.

முதலில் அந்தச் சாய்வைத்தான் பார்த்தேன். பார்த்ததும் முகம் சூடாகிவிட்டது. ஆனால் யார் அடித்தாலும் ஒரு எண் சாயலாம், அது சாட்சி ஆகாது. அப்புறம்தான் எண் மண்டையில் ஏறியது. இருநூற்றுப் பதினான்கு. அன்று காலை ஆறரை மணிக்கு, மெஷின் குத்திய முதல் பீஸைக் கையில் வாங்கி, சார்ட்டோடு ஒத்துப் பார்த்து, நான் ஓகே போட்ட எண் இருநூற்றுப் பதினான்கு. என் கையுறையில் அதன் எண்ணெய் இன்னும் காயவில்லை. இன்றைய எண் அது. தகட்டில் இருப்பதோ நாளைய தேதி, ஆகஸ்ட் இரண்டு.

ஆலை தொடங்கிய வருஷமும் லீப் வருஷம். அந்த வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு என்பது ஆகஸ்ட் ஒன்று, இன்றைய தேதிதான், நாளை அல்ல. பிற்பாடு நடந்ததைப் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐந்தாவது ஆண்டு விழாவுக்காக இந்த பீஸைப் பழைய அலமாரியிலிருந்து தேடி எடுத்தார்கள். கம்பியில் கட்டியிருந்த அட்டையில் ‘முதல் பீஸ்’ என்பது மட்டும் தெரிந்தது, தேதி அழிந்துவிட்டது. யாரோ ஒருவர் இரும்பில் இருந்த எண்ணைப் படித்து, சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்துத் தேதி எழுதியிருக்கிறார். அது சாதாரண வருஷத்து சார்ட், அதில் இருநூற்றுப் பதினான்குக்கு நேராக ஆகஸ்ட் இரண்டுதான் இருக்கும். ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது. தள்ளிப் போன அந்தத் தேதியில் மெஷினில் யார் இருந்தார் என்று பதிவைப் பார்த்துப் பெயரையும் வெட்டிவிட்டார்கள். எட்டாவது வருஷம் வந்த லீப் வருஷத்தில் கொரோனா, விழாவே இல்லை. மற்ற வருஷங்களில் சார்ட்டும் தகடும் அழகாய் ஒத்துப்போயின. அந்த ஆளை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? பிப்ரவரியில் நானே செய்த அதே தப்பு.

எனக்கு அப்போது வடக்குப்பட்டுக் கல் ஞாபகம் வந்தது. நான் குடியிருக்கிற அந்த ஊரில் ஒரு மேட்டைத் தோண்டி ஆராய்ச்சி செய்தார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஓரம் தட்டிக் கூர் செய்த ஒரு சின்னக் கல்லைக் காட்டி, இது பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மனுஷன் செய்த கருவி என்றார் அங்கிருந்தவர். எந்த நாள் என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அந்தக் கல்லைத் தட்டிய ஆளுக்கு அது ஒரு காலை, வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டிய வேலை, முன்னால் உடைந்துபோன ஐந்து கல்லுக்குப் பிறகு சரியாய் வந்த ஆறாவது கல். அவர் ஊரில் போய் நான்தான் செய்தேன் என்று சொல்லியிருப்பார். நம்பினார்களோ இல்லையோ. இந்த இரும்பில் எண்ணாவது இருக்கிறது. ஏழு வருஷமாய் அது விளக்குக்கு அடியில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள்தான் கீழே இருக்கிற தகட்டைப் படித்துக்கொண்டிருந்தோம்.

சாக்ஸோடேயே ஹெச்.ஆர். அறைக்கு ஓடினேன். சார் முதலில் நம்பவில்லை. ஜனவரி முப்பத்தொன்று, பிப்ரவரி இருபத்தொன்பது என்று விரல் விட்டு எண்ணினார். இரண்டாவது தடவை கால்குலேட்டரில் போட்டார். அப்புறம் பழைய வருகைப் பதிவைத் திறந்து ஒரு நாள் பின்னால் போனார். அக்காவின் பெயர் இருந்தது. அதே மெஷின். மறுநாள் லீவு.

“அய்யய்யோ” என்றார். பதிவை மூடிவிட்டு, “தகட்டை மாத்தணும்னா மேல எழுதிக் கேக்கணும்மா, உடனே நடக்காது” என்றார்.

“போர்டுக்குக் கேக்கணுமா சார்?”

“போர்டு உன்னோடது” என்றார்.

இரண்டே காலுக்கு லைனுக்குப் போனேன். எங்கள் ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம். காலையில் நான் எழுதியிருந்ததை அழித்தேன். என்னென்னவோ எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். மார்க்கரைத் திறந்ததும் இவ்வளவுதான் வந்தது: ‘வரலாற்றில் இன்று. நாள் எண் 214. இந்த ஆலையின் முதல் நல்ல பீஸ் அடிக்கப்பட்டது.’ அதன் கீழே அவள் பெயரை, இனிஷியலோடு, போர்டின் அகலத்துக்குப் பெரிதாய் எழுதினேன்.

ஆட்கள் கூடினார்கள், அக்காவும் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து நின்றாள். ஒருவன் “இன்னா, ஃபர்ஸ்ட் பீஸ் கதயா?” என்று ஆரம்பித்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். லீப் வருஷக் கணக்கைச் சொன்னேன். எல்லோரும் தினமும் அந்த எண்ணோடு புழங்குகிறவர்கள், இரண்டாவது தடவை சொல்லத் தேவைப்படவில்லை. பின்னால் நின்ற ஒருவர் மட்டும், “அப்போ இத்தன வருஷமா அக்கா சொன்னது நெஜமாடா?” என்று மெதுவாய்க் கேட்டார். கேட்டது யாரை என்று தெரியவில்லை.

சூப்பர்வைசர் அண்ணன் போர்டைப் படித்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அந்த ஆடிப்பெருக்கு அன்னிக்கி காத்தால நான் மெஷினுக்கு வரசொல்ல ட்ரேல ஒரு பீஸு கம்பி கட்டிக் கீது” என்றார். “யாருதுன்னு நான் கேக்கல. அஞ்சு வருஷம் கழிச்சி கூப்ட்டு கேக்க வெட்டுன்னாங்க. வெட்டிட்டேன்.” பிறகு அக்காவிடம் திரும்பினார். “நாளிக்கி நீ வெட்டும்மா.”

“நாளிக்கி இன்னாத்துக்கு?” என்றாள் அக்கா. “நாளு இன்னிக்கி.”

அவள் குரல் உடைந்திருந்தது. காதில் அடைப்பான் வைத்திருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. கேன்டீனிலிருந்து டீயோடு வந்திருந்த பன்னில் ஒன்றை யாரோ அவளிடம் நீட்டினார்கள். அவள் அதை இரண்டாய்ப் பிய்த்து, ஒரு பாதியை அண்ணன் கையில் வைத்தாள். கைதட்டல் அப்புறம்தான் கேட்டது. எழுபது பேர் தட்டினார்கள், அடுத்த ஷிஃப்டும் சேர்ந்துகொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஹெச்.ஆர். சார் அவளை வரவேற்பறைக்கு அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஷூவைக் கழற்றப் போனவளை, வேண்டாம் அப்படியே வாங்க என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பி கட்டி ட்ரேயில் வைத்துவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு அதைப் பார்த்ததே இல்லை. பெட்டிக்கு முன்னால் குனிந்தாள். இடது கையின் ஆள்காட்டி விரலால் கண்ணாடியின் மேல், அந்தச் சாய்ந்த நான்கைச் சாய்வோடேயே ஒரு தடவை எழுதினாள். கண்ணாடியில் எண்ணெய்த் தடம் விழுந்தது. துடைக்க ஓடி வந்த வரவேற்பறைப் பெண்ணை சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

பஸ்ஸில் ஏறியபோது பார்த்தேன், பக்கத்து சீட்டில் பை இருந்தது. வேறு சீட் காலியாய் இருந்தும் போகாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றேன். பஸ் பிள்ளைப்பாக்கம் ஏரியைத் தாண்டியது.

“நீ எல்லா நாளும் தெரிஞ்சவளாச்சே” என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “எல்லார் எதிர்க்கயும் என்னியப் பொய்க்காரின்னு ஆக்கினியே, அது இன்னா நாளு, சொல்லு.”

யோசித்தேன். யார் எப்போது எதைக் கண்டுபிடித்தார் என்றெல்லாம் சொல்கிற எனக்கு அது தெரியவில்லை. விழாவுக்கு முன்னால் ஏதோ ஒரு நாள். ஆக்சிஜன் பற்றி எழுதிய நாள். அதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் இல்லை.

“தெரியலக்கா.”

“எரநூத்திப் பதிமூணு” என்றாள். “அன்னிக்கி பூரா அந்த நம்பரத்தான் பாத்துகினு ஓட்டினேன்.”

போன வருஷம் லீப் வருஷம் இல்லை. அந்த வருஷத்து இருநூற்றுப் பதிமூன்று என்றால், இந்த வருஷத்துக் கணக்கில் இருநூற்றுப் பதினான்கு. இன்றைய தேதி. அவள் முதல் பீஸ் அடித்த அதே நாளில்தான், அவள் அடிக்கவே இல்லை என்று நான் எழுபது பேருக்கு நடுவில் நின்று சொல்லியிருக்கிறேன்.

“மன்னிச்சிருங்கக்கா” என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

ஒரகடம் சிக்னலில் பஸ் நின்றது. பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. அக்கா அதன் சக்கரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.